எட்டுக்கு இரண்டு: ஒரு வெண்கலத் தட்டின் பயணம்

ட்ரம்ஸ் வாசிப்பவரின் வலக்கையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருங்கள். இடக்கை ஸ்னேர் என்ற சின்ன ட்ரம்மில் அவ்வப்போது வெடிக்கும். கால் கீழே இருக்கும் பெரிய ட்ரம்மை உதைக்கும். வலக்கைக்கு மட்டும் ஓய்வே கிடையாது. பக்கவாட்டில் லேசாகச் சாய்ந்து நிற்கும் அகலமான வெண்கலத் தட்டின்மேல் குச்சி நுனியால் ‘டிங்... டிங்க டிங்... டிங்க டிங்’ என்று தட்டிக்கொண்டே இருக்கும். கச்சேரியில் யாரும் அதைத் தனியாகக் கவனிப்பதில்லை. ஆனால் அது நின்றால் பாட்டு தரை தட்டிவிடும். அந்தத் தட்டுதான் ரைட் சிம்பல்.

ஒரு ட்ரம்ஸ் செட்டில் வாங்குவதற்கு மிகச் சிரமமான பொருளும் இதுதான். ட்ரம்மின் தோலைத் திருகி இறுக்கிச் சுதி சேர்க்கலாம், பிடிக்காவிட்டால் தோலையே மாற்றலாம். சிம்பலுக்கு அந்த வசதி இல்லை. பட்டறையை விட்டு வெளியே வரும்போது என்ன குரலோ, ஆயுள் முழுக்க அதே குரல்தான். அதனால்தான் ரைட் வாங்க வருகிறவர் கடையில் இருக்கும் இருபது முப்பது தட்டுகளையும் தட்டிப் பார்க்கிறார். கடைக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறார். ‘இதுல வாஷ் அதிகம், பிங் காணோம்’, ‘அது ரொம்ப டிரை’, ‘கொஞ்சம் டார்க்கா இருந்தா தேவலை’ என்று பேச்சு போகும். பிங் என்றால் குச்சி பட்ட இடம் புள்ளி வைத்தாற்போலத் தெளிவாகக் கேட்பது. வாஷ் என்றால் அதன் பின்னால் அலைபோல எழும் இரைச்சல். இந்த இரண்டும் எந்த அளவில் கலக்க வேண்டும் என்பதுதான் ஒவ்வொருவரின் தேடல். அனுபவம் உள்ளவர் என்றால் கடைசியில் ஒரு பெருமூச்சோடு, ‘பழைய கே மாதிரி ஒண்ணு கிடைச்சா நல்லா இருக்கும்’ என்பார்.

அந்தப் பெருமூச்சுக்கு நானூறு ஆண்டு வயது. அதில் ஒரு ரசவாதி, கொலையான ஒரு சுல்தான், ஒரு மிட்டாய் வியாபாரி, பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு அண்ணன் தம்பிகள் எல்லோரும் இருக்கிறார்கள்.

முதலில் உலோகத்தைப் பார்த்துவிடுவோம். நல்ல சிம்பல் என்பது எண்பது பங்கு செம்பு, இருபது பங்கு வெள்ளீயம். எட்டுக்கு இரண்டு. வெள்ளீயம் நமக்குப் புதிதல்ல, ரசம் வைக்கிற ஈயச்சொம்பு அதுதான். சாதாரண வெண்கலத்தில் வெள்ளீயம் பத்துப் பங்குக்குப் பக்கமாக இருக்கும். அதை இருபதுக்கு ஏற்றினால் குரல் அபாரமாக வரும், ஆனால் உலோகம் கண்ணாடிபோல ஆகிவிடும். குளிர்ந்த நிலையில் சுத்தியலால் ஓங்கி அடித்தால் உடைந்து சிதறும். கோயில் மணி இந்தச் சிக்கலிலிருந்து தப்பித்துக்கொள்கிறது, ஏனென்றால் அதை அச்சில் வார்த்து அப்படியே விட்டுவிடுவார்கள். சிம்பலோ மெல்லிய தட்டு. அதை அடித்தே ஆக வேண்டும்.

இதற்குத் தீர்வு தலைகீழாக இருக்கிறது. இரும்புக் கொல்லர் எஃகைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்தால் எஃகு கடினமாகும். இந்த வெண்கலத்தைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்தால் அது வளைந்து கொடுக்கிற குணத்தைப் பெறுகிறது! மெல்ல ஆறவிட்டால்தான் நொறுங்கும். இதை முதலில் கண்டுபிடித்தவர் யார் என்பதற்கு ஒற்றைப் பெயர் கிடையாது. சீனத்துக் கோங் செய்தவர்களுக்குத் தெரிந்திருந்தது. நம் ஊர்க்காரர்களுக்கும் தெரிந்திருந்தது. ஆதிச்சநல்லூரிலும் நீலகிரியிலும் பழைய ஈமக்காடுகளில் கிடைத்த மெல்லிய வெண்கலக் கிண்ணங்களில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் வெள்ளீயம் இருப்பதையும், அவை காய்ச்சி அடித்துத் தண்ணீரில் தோய்க்கப்பட்டவை என்பதையும் தொல்லுலோக ஆய்வாளர் சாரதா சீனிவாசனின் ஆய்வுகள் காட்டின. அதே வேலையைச் செய்கிற கன்னார் பட்டறைகளை அவர் கேரளத்தில் உயிரோடும் பார்த்தார். ஆக, எட்டுக்கு இரண்டு என்ற கணக்கு யாருடைய தனிச் சொத்தாகவும் இருந்ததில்லை. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இனி வரப்போவது ஒரு ‘ரகசிய’த்தின் கதை.

சிம்பல் என்ற வாத்தியமும் பழசுதான். அசீரியச் சிற்பங்களில் இருக்கிறது, விவிலியத்தில் இருக்கிறது, நம் கைத்தாளமும் ஜால்ராவும் அதே வம்சம். ஆனால் இன்றைய ரைட்டின் நேரடி மூதாதையர் வாழ்ந்தது உதுமானியப் படையில். ஜானிசரி என்ற அந்தச் சேனைக்கு மெஹ்தர் என்ற வாத்தியக் குழு உண்டு. பெரிய முரசு, ஊதுகுழல், ஜோடி ஜோடியாக ஜில். ஜில் என்பது துருக்கியில் சிம்பலின் பெயர். இன்றைக்கும் இஸ்தான்புல்லில் வீட்டுக் கதவில் இருக்கும் அழைப்புமணி ஜில்தான், பள்ளிக்கூட மணியும் ஜில்தான். படை வருவதற்கு முன் சத்தம் வரும். மலைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு அடிவயிறு கலங்கும். மெஹ்தருக்கு வேலை அதுதான்.

1618-இல் இஸ்தான்புல்லில் அவேதிஸ் என்ற ஆர்மீனியர் இருந்தார். தாழ்ந்த உலோகங்களைக் கலந்து தங்கம் செய்துவிடலாம் என்று நம்பிய பெருங்கூட்டத்தில் அவரும் ஒருவர். தங்கம் வரவில்லை. செம்பும் வெள்ளீயமும் கொஞ்சம் வெள்ளியும் சேர்ந்த ஒரு கலவை வந்தது. தட்டிப் பார்த்தால் அப்படி ஒரு நாதம், அடித்தாலும் உடையவில்லை. அவர் செய்த சிம்பல்கள் இளம் சுல்தான் இரண்டாம் உஸ்மானுக்குப் பிடித்துப்போக, எண்பது பொற்காசும் ஜில்ஜியன் என்ற பட்டமும் கிடைத்தன என்பது குடும்பக் கதை. ஜில் என்றால் சிம்பல், ‘ஜி’ என்றால் அதைச் செய்கிறவர், ‘யன்’ என்பது ஆர்மீனிய வழக்கில் மகன். தாளம் செய்கிறவரின் மகன், அவ்வளவுதான். தங்கம் தேடிப் போனவருக்குத் தங்கம் கிடைக்கத்தான் செய்தது, சுற்றுவழியாக.

நான்கே ஆண்டுகளில், 1622-இல், அந்தச் சுல்தானை ஜானிசரிகளே கவிழ்த்துக் கொன்றார்கள். எந்தப் படைக்காக அவர் சிம்பல் வாங்கினாரோ அதே படை. அப்போது அவருக்குப் பதினேழு வயது. அடுத்த ஆண்டு நாலாம் முராத் பட்டத்துக்கு வர, அவேதிஸ் அரண்மனையை விட்டு வெளியேறி சமாத்யா பகுதியில் சொந்தப் பட்டறை போட்டார். 1623 என்ற அந்த ஆண்டை ஜில்ஜியன் நிறுவனம் இன்றும் தன் தட்டுகளோடு சேர்த்துப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறது.

ஐரோப்பாவுக்கு இந்தச் சத்தம் பயமாகத்தான் முதலில் போய்ச் சேர்ந்தது. 1683-இல் வியன்னா முற்றுகை தோற்றுப்போன பிறகு பயம் மெல்ல மோகமாக மாறியது. எதிரியிடம் பயம் போனதும் அவன் உடையையும் காபியையும் பாட்டையும் ரசிப்பது உலக வழக்கம்தானே. பதினெட்டாம் நூற்றாண்டில் ஐரோப்பிய அரசர்கள் ஆளுக்கொரு ‘துருக்கி பேண்டு’ வைத்துக்கொண்டார்கள். வாசிக்கத் துருக்கியர் கிடைக்காத இடங்களில், குறிப்பாக இங்கிலாந்துப் படைகளில், கறுப்பின வாத்தியக்காரர்களுக்குத் தலைப்பாகை கட்டி, சிம்பலையும் கஞ்சிராவையும் கையில் கொடுத்தார்கள். பகட்டுக்காகச் செய்த வேலை. ஆனாலும் சிம்பலும் கறுப்பினக் கலைஞரும் முதன்முதலில் ஒன்றுசேர்ந்த இடங்களில் அந்த அணிவகுப்பு மைதானமும் ஒன்று. மறுபடி அவர்கள் சந்திக்கப்போவது அமெரிக்காவில்.

மோகம் ராணுவத்திலிருந்து நாடக மேடைக்குத் தாவியது. 1782-இல் மோட்சார்ட் ஒரு துருக்கி அந்தப்புரக் கதையை ஆப்பராவாக்கினார், அதில் சிம்பல் முழங்கியது. 1794-இல் ஹைடனின் ராணுவ சிம்பொனியில் முழங்கியது. 1824-இல் பீத்தோவன் ஒன்பதாவது சிம்பொனியின் கடைசிப் பகுதியில் ஒரு துருக்கி நடையை வைத்து அதிலும் முழக்கினார். வியன்னாவின் பியானோ செய்பவர்கள் சும்மா இருப்பார்களா? காலால் மிதித்தால் உள்ளே ஒரு மணியும் முரசும் அடிக்கிற மாதிரி ‘ஜானிசரி மிதி’ வைத்த பியானோக்களை விற்றார்கள். வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தபடியே படையெடுத்துக்கொள்ளலாம்.

இதற்குள் உதுமானியத்தில் என்ன நடந்தது? 1826-இல் சுல்தான் இரண்டாம் மஹ்மூத் ஜானிசரிப் படையையே அழித்தார். மெஹ்தரும் அதோடு போயிற்று. அந்த இடத்தில் ஐரோப்பிய பாணி பேண்டு அமைக்க இத்தாலியிலிருந்து ஒருவரை வரவழைத்தார்கள். ஜியுசெப்பே டோனிசெட்டி, ஆப்பரா உலகின் புகழ்பெற்ற டோனிசெட்டிக்கு அண்ணன். ஐரோப்பா துருக்கியைப் பார்த்துக் காப்பியடிக்க, துருக்கி ஐரோப்பாவைப் பார்த்துக் காப்பியடித்தது. இரண்டு பேண்டுக்கும் பொதுவாக மிஞ்சியவற்றில் சிம்பலும் ஒன்று. செய்கிறவருக்கு இரண்டு பக்கமும் வியாபாரம்.

நம் ரைட்டின் ஜாதகத்தில் அடுத்த முக்கியமான ஆண்டு 1830. அதுவரை சிம்பல் என்றால் ஜோடி, ஒன்றோடு ஒன்று மோத வேண்டும். பெர்லியோஸ் என்ற பிரெஞ்சுக்காரர் தன் ஃபேன்டாஸ்டிக் சிம்பொனியில் ஒற்றைத் தட்டை, பஞ்சு சுற்றிய குச்சியால் தட்டச் சொன்னார். ஜோடியைப் பிரித்துவிட்டார்! தனியாகத் தட்டினால் அதற்குள்ளே ஒரு முணுமுணுப்பு இருக்கிறது என்று இசைக்குழுக்கள் கற்றுக்கொண்டன. ரைட் சிம்பல் பிறப்பதற்கு இன்னும் நூறு ஆண்டு இருக்கிறது, ஆனால் தட்டும் குச்சியும் பரிச்சயமாகிவிட்டன.

ஐரோப்பாவில் இவ்வளவு கிராக்கி என்றதும் இரண்டாம் அவேதிஸ் ஜில்ஜியன் 25 அடிப் பாய்மரப் படகு ஒன்றைக் கட்டி, சிம்பல்களை ஏற்றிக்கொண்டு கண்காட்சிகளுக்குக் கிளம்பினார். 1851-இல் லண்டன் மாபெரும் கண்காட்சியிலும் அவருடைய தட்டுகள் இருந்தன. அவருக்குப் பிறகு 1865-இல் பட்டறை தம்பி கெரோப்பேயின் கைக்கு வந்தது. அவர் தட்டுகளில் தன் பெயரின் முதல் எழுத்தைப் பொறித்தார். கே. ஜில்ஜியன். கடையில் நாம் கேட்ட பெருமூச்சின் ‘கே’ இதுதான்.

குடும்பத்தின் ஒழுங்கு ஒன்று உண்டு: கலவை ரகசியம் வீட்டு ஆண்களுக்கு மட்டும், வாய்மொழியாக. ஆனால் அரசியல் அந்த ஒழுங்கைக் கலைத்தது. சுல்தான் அப்துல் ஹமீதைக் கொல்ல ஆர்மீனியப் புரட்சியாளர்கள் போட்ட திட்டத்தில் ஆரம் ஜில்ஜியனின் பெயர் அடிபட, அவர் புகாரெஸ்ட்டுக்கு ஓடி அங்கே ஒரு பட்டறை வைத்தார். அவருடைய அண்ணன் மகன் மூன்றாம் அவேதிஸ் 1909 வாக்கில் அமெரிக்காவில் கரையேறினார். பரம்பரைத் தொழிலை அவர் தொடவில்லை. பாஸ்டனில் மிட்டாய் செய்து விற்றார், நன்றாகவே சம்பாதித்தார்.

அதே 1909-இல் சிகாகோவில் லுட்விக் என்ற ட்ரம்மர் ஒரு மிதிகட்டையைச் செய்து முடித்தார். அணிவகுப்பில் ஒருவர் பெரிய முரசு, ஒருவர் சின்ன ட்ரம், ஒருவர் சிம்பல் என்று மூன்று பேர் நடந்துபோவார்கள். உட்கார்ந்து வாசிக்கிற நாட்டியக் கூடங்களிலும் நாடகக் கொட்டகைகளிலும் மூன்று பேருக்குச் சம்பளம் கொடுக்க முதலாளிக்கு மனசு வரவில்லை. பெரிய முரசைக் காலால் அடிக்கும் வேகமான மிதிகட்டை வந்ததும் மூன்று பேர் வேலை ஒருவருடையதாயிற்று. ட்ரம்ஸ் செட் என்ற பெரிய கண்டுபிடிப்பின் பின்னால் இருந்தது கலையைவிடக் கஞ்சத்தனம்தான் என்பேன். அந்த ஆள் கைக்கு எட்டுகிற இடத்திலெல்லாம் எதையாவது மாட்டினார்: மரக்கட்டை, மாட்டுமணி, சீனக் குடியேறிகளின் கடைகளில் கிடைத்த ட்ரம்கள், விளிம்பு மடிந்த சீன சிம்பல்கள். துருக்கித் தட்டு அந்தக் கூட்டத்தில் ஒரு ஓரமாக, பாட்டு முடியும்போது ‘ஜங்’ என்று ஒருமுறை அடிக்க மட்டும்.

1927-இல் மிட்டாய்க்காரருக்கு ஆரம் சித்தப்பாவிடமிருந்து கடிதம் வந்தது. குடும்ப வழக்கப்படி அடுத்த வாரிசு நீதான், வந்து பொறுப்பேற்றுக்கொள் என்று. அவேதிஸுக்கு இஸ்தான்புல் திரும்ப விருப்பமில்லை. சித்தப்பாவை அமெரிக்காவுக்கு வரச் சொன்னார். 1929-இல் பாஸ்டனுக்குப் பக்கத்தில் குவின்ஸியில் அவேதிஸ் ஜில்ஜியன் நிறுவனம் பிறந்தது. அமெரிக்கப் பங்குச்சந்தை கவிழ்ந்ததும் அதே ஆண்டுதான். இதைவிட மோசமான முகூர்த்தம் யாராலும் பார்த்திருக்க முடியாது.

அவரைக் காப்பாற்றியது ஜாஸ். அவேதிஸ் பட்டறையில் உட்கார்ந்துவிடாமல் வாத்தியக்காரர்களைத் தேடிப்போய்ப் பேசினார். ஜீன் க்ரூபா போன்ற ட்ரம்மர்கள் ராணுவப் பேண்டுக்கான கனத்த தட்டு வேண்டாம், மெல்லியதாக வேண்டும் என்றார்கள். மெல்லியதாகச் செய்தார். கிராஷ், ஸ்பிளாஷ், சிஸில், ரைட் என்று வேலைக்குத் தகுந்தபடி தட்டுக்குப் பெயர் வைக்கிற வழக்கம் இந்தப் பேச்சுகளிலிருந்து வளர்ந்ததுதான். வாங்குகிறவர் வாய்திறந்து கேட்டதால் உருமாறிய வாத்தியம் இது. ரகசியத்தைக் காத்துக்கொண்டு மௌனமாக இருந்திருந்தால் பட்டறை அந்தப் பஞ்சத்தைத் தாண்டியிருக்காது.

இருந்தாலும் தாளத்தின் முதுகெலும்பு இன்னும் பெரிய ட்ரம்தான். கால் நான்கு அடியையும் ‘தம் தம் தம் தம்’ என்று மிதிக்க வேண்டும். கான்சாஸ் சிட்டியில் கவுண்ட் பேஸி குழுவின் ட்ரம்மர் ஜோ ஜோன்ஸ் அந்த ஓட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக, காலால் மிதித்து மோதவிடும் சிம்பல் ஜோடியான ஹை-ஹாட்டுக்கு மாற்றி, பாட்டையே இலகுவாக்கினார். அதே ஜோ ஜோன்ஸ் 1936-இல், ஒரு இரவில், மேடையில் தாளம் தப்பிய ஒரு பதின்ம வயதுப் பையனின் காலடியில் சிம்பலைக் கழற்றி வீசினார் என்று ஜாஸ் உலகமே கதை சொல்லும். கீழே இறங்கு என்று அர்த்தம். பையன் இறங்கிப்போய் வெறிபிடித்தாற்போலப் பழகினான். பெயர் சார்லி பார்க்கர், பின்னாளில் ஜாஸின் மாபெரும் சாக்ஸபோன் கலைஞர். சிம்பலின் சரித்திரத்திலேயே மிகப் பயனுள்ள ‘ஜங்’ அதுதான்.

கடைசித் திருப்பம் கென்னி கிளார்க் என்ற ட்ரம்மரின் காலில் நடந்தது. 1930-களின் கடைசியில் டெடி ஹில் குழுவில் வாசித்துக்கொண்டிருந்தவர் அவர். ஒரு பாட்டு படுவேகம். நான்கு அடியையும் காலால் மிதித்துக் கால் ஓய்ந்துபோயிற்று. வேறு வழியில்லாமல் ஓட்டத்தை மேலே இருந்த சிம்பலுக்கு மாற்றினார், கால் சும்மா இருந்தது. சும்மா இருந்த கால் பிறகு சும்மா இருக்கவில்லை. எதிர்பாராத இடங்களில் பெரிய ட்ரம்மில் ஒரு வெடி போட ஆரம்பித்தது. பழைய ஆட்களுக்கு எரிச்சல். டெடி ஹில் அவரை வேலையை விட்டே அனுப்பினார். வேடிக்கை என்னவென்றால், கொஞ்ச காலத்தில் அதே டெடி ஹில் ஹார்லெமில் மின்டன்ஸ் என்ற இரவு விடுதியின் இசைப் பொறுப்பை ஏற்றதும் அதே கென்னி கிளார்க்கைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டார். அங்கே தெலோனியஸ் மங்க், டிஸி கில்லெஸ்பி, சார்லி பார்க்கர் எல்லோரும் கூட, பிபாப் என்ற புதிய ஜாஸ் பாணி பிறந்தது. அதன் நாடித்துடிப்பு ரைட் சிம்பல். கால் வலித்ததால் வந்த புரட்சி.

இப்போது நுணுக்கமான காது கொண்ட ஒரு வாடிக்கையாளர் கூட்டம் உருவாகிவிட்டது. ஓயாமல் தட்டப்போகிற தட்டு என்பதால் அது காதை அறுக்கக் கூடாது, கலங்கவும் கூடாது. குவின்ஸியில் இயந்திரச் சுத்தியலால் செய்த தட்டுகள் பளிச்சென்று இருந்தன. இஸ்தான்புல்லில் தங்கிவிட்ட உறவினர்கள் இன்னும் கையால்தான் அடித்துக்கொண்டிருந்தார்கள். 1934-இல் வந்த துருக்கியக் குடும்பப்பெயர்ச் சட்டத்தில் ‘யன்’ விகுதி கழன்று அவர்கள் ஜில்ஜான் ஆகியிருந்தார்கள். ஆனால் தட்டில் கே. ஜில்ஜியன்தான். அந்தத் தட்டுகளை அமெரிக்காவில் புரூக்ளினில் இருந்த கிரெட்ச் நிறுவனம் இறக்குமதி செய்தது. கையடியில் ஒன்றுபோல் ஒன்று இருக்காது. மரக்கட்டைபோல ‘டொக்’ என்பவையும் அதில் உண்டு. குவியலில் தேடினால் எப்போதாவது ஒன்று, குச்சி பட்டதும் இருட்டான, புகைபோன்ற ஒரு குரலில் பேசும். எல்வின் ஜோன்ஸ், மெல் லூயிஸ், டோனி வில்லியம்ஸ் என்று அந்தக் காலத்துப் பெரிய கைகள் எல்லாம் அந்தக் குரலில்தான் வாசித்தன. ‘பழைய கே’ என்ற ஏக்கத்துக்கு அவர்களுடைய இசைத்தட்டுகள்தான் காரணம். கேட்கிற நாம் மறந்துவிடுவது ஒன்று: அந்தக் குவியலில் கழித்துப்போட்ட தட்டுகளை யாரும் இசைத்தட்டில் பதிவு செய்யவில்லை.

1964-இல் பீட்டில்ஸ் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தோன்றினார்கள். ரிங்கோ ஸ்டாரின் கையைப் பார்த்த பையன்கள் எல்லோருக்கும் ட்ரம்ஸ் வேண்டியிருந்தது, பட்டறைக்குத் தாங்க முடியாத கிராக்கி. பிறகு ஆம்ப்ளிஃபையர்கள் பெருத்தன, ரைட்டும் கனத்தது. இந்த அலையில் ஏறிய பெரிய போட்டியாளர் பைஸ்டே. எஸ்தோனியக் குடும்பம். செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் கடை, புரட்சியால் தாலின், போரால் போலந்து, அங்கிருந்து ஜெர்மனி, கடைசியாக 1957-இல் சுவிட்சர்லாந்து. நாட்டுக்கு நாடு துரத்தப்பட்டும் தட்டை விடவில்லை. எட்டுக்கு இரண்டு என்ற வேதவாக்கை மீறி, நூற்றுக்கு எட்டே பங்கு வெள்ளீயம் உள்ள வெண்கலத்தில் 1971-இல் இவர்கள் கொண்டுவந்த ‘2002’ வரிசை, லெட் செப்பெலினின் ஜான் போனம் கையில் ராக் இசையின் குரலாயிற்று. வேதவாக்கு எவ்வளவு தூரம் வேதம் என்பதற்கு அதுவே பதில்.

இஸ்தான்புல் கதை சோகமாக முடியப் பார்த்தது. 1968-இல் அமெரிக்க ஜில்ஜியன் ‘கே’யின் உரிமைகளை வாங்கியது. 1970-களின் பிற்பகுதியில் பழைய பட்டறை மூடப்பட்டது. அங்கே சிறுவர்களாகச் சேர்ந்து சுத்தியல் பிடிக்கக் கற்ற அகோப், மெஹ்மெட் என்ற இரண்டு தொழிலாளர்கள், ஒருவர் ஆர்மீனியர், ஒருவர் துருக்கியர், 1980-இல் சொந்தமாக ஒரு பட்டறை தொடங்கி, ஒவ்வொரு தட்டிலும் இருவரும் கையெழுத்திட்டு, ‘இஸ்தான்புல்’ என்று பெயர் வைத்து விற்றார்கள். 1996-இல் அகோப் இறந்த பிறகு நிறுவனம் இரண்டாயிற்று. இஸ்தான்புல் அகோப், இஸ்தான்புல் மெஹ்மெட். தட்டில் கையெழுத்தும் ஒன்றாயிற்று. இன்று அந்த நகரத்தில் கையால் சிம்பல் அடிக்கும் பட்டறைகள் பல. மேஸ்திரியிடம் கற்றவர், அவரிடம் கற்றவர் என்று வேர் ஒன்றுதான்.

அமெரிக்கக் கிளையிலும் பாகப்பிரிவினை. மூன்றாம் அவேதிஸ் 1979-இல் இறந்ததும் மகன்கள் ஆர்மண்டுக்கும் ராபர்ட்டுக்கும் வழக்கு. ராபர்ட் வெளியேறி 1981-இல் கனடாவின் மெடக்டிக் என்ற சின்ன ஊரில் இருந்த பட்டறையை எடுத்துக்கொண்டார். ஜில்ஜியன் என்ற பெயரை வைக்க முடியாததால் சாலி, பில்லி, ஆண்டி என்ற தன் பிள்ளைகளின் பெயர்களிலிருந்து எழுத்து பொறுக்கி ‘சபியன்’ என்று வைத்தார். உலகத்தின் பெரிய சிம்பல் நிறுவனங்களில் இரண்டு ஒரே தாய் வயிற்றுச் சகோதரர்களுடையவை ஆயின. ஆர்மண்ட், ஆண்களுக்கு மட்டும் என்ற பழைய விதியை உடைத்து, கலவை ரகசியத்தைத் தன் மகள்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். 1999-இல் மூத்தவர் கிரெய்கி நிறுவனத்தின் தலைவரானார். அந்தக் குடும்பம் எடுத்த முடிவுகளில் ஆகச் சிறந்தது இது என்பது என் கட்சி.

ரகசியம் என்ன என்று எனக்குச் சொல்ல யாரும் முன்வரவில்லை. ஆனால் ஆதிச்சநல்லூர்க் கிண்ணத்திலும் சீனத்துக் கோங்கிலும் ஏறக்குறைய அதே கலவை இருக்கும்போது, நாட்டை விட்டு ஓடியவர், கோபித்துக்கொண்டு போனவர், வேலை போனவர் எல்லோரும் போன இடத்தில் நல்ல தட்டு செய்திருக்கும்போது, பூட்டி வைக்கிற அளவுக்கு அதில் ஒன்றுமில்லை என்றே தோன்றுகிறது. எத்தனை முறை காய்ச்சுவது, எங்கே சுத்தியல் விழுவது, கடைசலில் எவ்வளவு சீவுவது என்பதெல்லாம் கைப்பழக்கம். அது ஆளோடுதான் ஊர் மாறியது.

ஆகவே ரைட் வாங்கப் போகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. 20 அங்குலமா 22 அங்குலமா என்று யோசிப்பதற்கு முன் எடையைக் கேளுங்கள். ஒரே அளவில் கனமானது பிங் தரும், மெல்லியது வாஷ் தரும். கையால் அடித்த தட்டென்றால் ஒரே மாடலில் இரண்டு தட்டு இரண்டு விதமாகப் பேசும், அதனால் மாடல் பெயரைச் சொல்லித் தபாலில் வரவழைக்காதீர்கள், அந்தத் தட்டையே தட்டிப் பாருங்கள். நீங்கள் வாசிக்கிற குச்சியையே கொண்டுபோங்கள். கூட வந்தவரைத் தட்டச் சொல்லி நாலைந்து கஜம் தள்ளி நின்று கேளுங்கள், காதருகே கேட்ட இரைச்சலில் பாதி அங்கே இருக்காது. பழைய தட்டென்றால் விளிம்பையும் நடு ஓட்டையையும் விரலால் தடவிக் கீறல் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும், வெண்கலப் பாத்திரம்தானே என்று புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். அச்சிட்ட பெயர் அழிந்துபோகும். பழைய தட்டென்றால் ஐம்பது ஆண்டு அழுக்கும் போய்விடும், அந்த அழுக்குக்கும் சேர்த்துத்தான் நீங்கள் பணம் கொடுத்திருக்கிறீர்கள்.